பிணம் சிரித்தால் டிக்கெட்

மேடையில் பிணம் படுத்திருந்தது. பத்து நிமிடமாக எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

பிணத்தின் பெயர் லோகித். முதல் வரிசையிலிருந்து தானாகக் கை தூக்கி மேடைக்குப் போனவன். இருபத்துமூன்று வயது இருக்கும். நெற்றியில் யாரோ ஒரு ரூபாய்க் காசைக் கூட ஒட்டிவிட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக் கடையின் மாடி. எண்பது நாற்காலிகள்.

மைக்கோடு நின்று காமெடி ஷோ நடத்தியவன் நிவாஸ். ஆட்டத்தின் விதியை அவன்தான் சொன்னான். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து ஒப்பாரி வைக்க வேண்டும். பிணம் சிரிக்கக் கூடாது. சிரிக்க வைப்பவருக்கு அடுத்த ஷோவுக்கு இரண்டு டிக்கெட்.

ஒருத்தி ஓடி வந்து மாரில் அடித்துக்கொண்டாள். "வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லாமப் போயிட்டியே ராசா!"

ஒரு தாடிக்காரர் வாய்க்கரிசி என்று பாப்கார்னைப் போட்டார். பிணம் மென்று விழுங்கியது. சிரிக்கவில்லை. கூட்டம்தான் விழுந்து விழுந்து சிரித்தது.

பக்கத்தில் ரெஜினாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், இப்படி ஒரு கூத்து இருக்கும் என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்.

"எழுந்து போயிடலாமா?"

இவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். வலித்தால் எழுந்து போகலாம். வலிக்கவில்லையே.

ரெஜினாவுக்கு அலுவலகத்தில் அடுத்த மேஜை. டிக்கெட் எடுத்தது அவள்தான். "நாலு மாசமா அழுகையே வரலைங்கிற. சரி, சிரிப்பாவது வருதான்னு பாப்போம், வா."

நாலு மாதம். கணவன் தயாளன் பைக்கோடு லாரிக்கடியில் போய் நாலு மாதம்.

அன்றைக்கு, மார்ச்சுவரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது என்று சொன்னதும் அவள் உள்ளே போனாள். அவனுடைய பழைய வேட்டியை எடுத்து ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தாள். இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்ட வேண்டும் இல்லையா. கட்டாவிட்டால் கால் விலகிக்கொள்ளும். எல்லா வீட்டிலும் செய்வதுதான். அதையாவது தன் கையால் செய்யலாம் என்று நினைத்தாள்.

துணியோடு வெளியே வந்தாள்.

"அதெல்லாம் அவங்களே கட்டி அனுப்பிட்டாங்கம்மா. நீ தள்ளி நில்லு," என்றார் பெரிய மாமனார்.

முகத்தைத் தவிர எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். தொட ஓர் இடம் இல்லை. கிழித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

நாத்தனார் சொன்னது காதில் விழுந்தது. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு."

சரியாகத்தான் சொன்னாள்.

"ஹலோ! மூணாவது வரிசை, மஞ்சள் சுடிதார் அக்கா!"

நிவாஸின் விரல் இவளை நோக்கி நீண்டிருந்தது.

"எண்பது பேர்ல நீங்க ஒருத்தர்தான் சிரிக்கல. பொணத்துக்குச் சொந்தமா? வாங்க, வந்து அழுதுட்டுப் போங்க."

கைதட்டல். ரெஜினா இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, அவங்க வேண்டாம் சார், ப்ளீஸ்." அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

இவள் எழுந்தாள். கைப்பையோடு போனாள்.

மேடை வெளிச்சத்தில் கண் கூசியது. நிவாஸ் மைக்கை வாயருகே நீட்டினான். ஒப்பாரி வரவில்லை. அன்றைக்கே வராதது இன்றைக்கா வரும்.

பிணத்தைப் பார்த்தாள். வெறுங்கால். ஒன்று அங்கே, ஒன்று இங்கே.

இப்படியா போட்டு வைப்பார்கள் ஒருத்தனை?

கோபம் வந்தது. நாலு மாதத்தில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

கால்மாட்டில் மண்டியிட்டாள். கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்தாள். வைத்த இடத்திலேயே இருந்தது அன்றைக்குக் கிழித்த துணி.

"அய்யய்யோ, அக்கா ப்ராப்ஸோட வந்திருக்காங்கடா!"

மாடியே அதிர்ந்தது.

கால்களைச் சேர்த்து வைத்தாள். குதிகாலில் ஒட்டியிருந்த பாப்கார்னைத் தட்டிவிட்டாள். கட்டைவிரல்களை இணைத்துத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

விரல்கள் சூடாக இருந்தன.

அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

முடிச்சுப் போடும்போது நகம் உள்ளங்காலில் உரசியிருக்க வேண்டும். பிணம் நெளிந்தது. உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தது. முடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டது.

"முடிஞ்சுது! டிக்கெட் அக்காவுக்கு!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். லோகித் எழுந்து உட்காரப் பார்த்தான். கால் வரவில்லை. இவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அக்கா, கூசுதுக்கா, விடுங்க."

சிரித்தபடியே தலையைத் தூக்கி இவள் முகத்தைப் பார்த்தான்.

சிரிப்பு நின்றது.

கீழே விழுந்த காசை எடுத்துத் தானே நெற்றியில் வைத்துக்கொண்டான். மெல்லத் திரும்பப் படுத்துக்கொண்டான்.

நிவாஸ் மைக்கைத் தாழ்த்தினான். கைதட்டல் ஓரத்து நாற்காலிகளிலிருந்து ஒவ்வொன்றாக அடங்கியது.

"தம்பி," என்றாள் அவள். மைக் பக்கத்தில்தான் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. "விரலை இன்னொரு தடவை அசைங்க."

அவன் அசைத்தான்.

முடிச்சு அவிழவில்லை. நன்றாகத்தான் கட்டியிருந்தாள்.