ஏழுக்குக் கீழே

"வாயைத் தொற புள்ள."

பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்க, காளியப்பன் மனைவியின் தாடையைப் பிடித்தான். சின்னாயி வாயைத் திறந்தாள். நாக்கெல்லாம் வெள்ளை மாவு.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குமா?"

அவள் முந்தானை முடிச்சில் இன்னும் ஒரு பிடி மாவுக்கட்டி இருந்தது. அதை அவிழ்த்து ரோட்டோரம் கொட்டினான்.

சின்னாயிக்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் வேலை. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவ வேண்டும், தொட்டியில் உறைந்த மாவை வெட்டியெடுத்துக் களத்தில் காயப்போட வேண்டும். நேற்று அந்தக் களத்திலேயே மயங்கி விழுந்தாள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்ட, கூட வேலை பார்க்கும் கந்தம்மாள்தான் காளியப்பனிடம் விஷயத்தையும் போட்டு உடைத்துவிட்டுப் போனாள்.

"கோழிகூட கொத்தறதுக்குக் கூட்டாளியைக் கூப்புடுமப்பா. உம்பொண்டாட்டி ஒளிஞ்சு நின்னு மாவை அள்ளி அள்ளித் திங்கறா."

இரண்டு வருடமாக அவளுக்கு உதிரப்போக்கு. மாதத்தில் பாதி நாள் நிற்காது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். அதற்கு முன் அவள் ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பினார். மூன்று மாதச் சர்க்கரையை ஒரே தடவையில் காட்டிவிடும் புதுச் சோதனையாம். ஏழரை என்று வந்தது.

"ஏழுக்குக் கீழ எறக்கிட்டு வாங்க. இதுல கத்தி வெச்சா புண்ணு ஆறாது. ஆளே போயிரும்."

"ஏழரைன்னாலே சனிதானுங்களே" என்று அன்றைக்குக் காளியப்பனால் சிரிக்க முடிந்தது.

அன்றோடு வீட்டில் சோறு நின்றது. அரை வயிற்றுக்குக் கம்பங்களி, தண்ணி ரசம். அவள் முன்னால் சோறு தின்ன மனசு வராமல் அவனும் அதையே தின்றான். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் மெட்ராசுக்குப் போனது. எட்டு.

பெரிய டாக்டர் காகிதத்தை மேசைமேல் போட்டார். "இங்க வந்தா மூத்திரத்துல சர்க்கரை இருக்கறதில்லை. மூணு மாசக் கணக்குப் பார்த்தா ஏறியிருக்குது. என்ன அர்த்தம்? வர்றதுக்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டறா. மத்த நாளெல்லாம் திங்கறா."

சின்னாயி சாமிமேல் சத்தியம் செய்தாள். சத்தியத்தை நம்புவதா, மெட்ராஸ் காகிதத்தை நம்புவதா?

இன்று பெரிய டாக்டர் ஊரில் இல்லை. அவருடைய நாற்காலியில் புதிதாக வந்த டாக்டர் வசந்தாமணி இருந்தார். காளியப்பன் உட்காருவதற்குள் பிராது கொடுத்தான்.

"கண்டிச்சு வையுங்கம்மா. சர்க்கரைக்காரி, மாவா அள்ளித் திங்கறா. இப்ப பஸ் ஏறறப்பக்கூட."

"எத்தன மணிக்கு?"

"ஒம்பது இருக்குமுங்க."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. "நெசந்தானாம்மா?"

"நிறுத்த முடியலீங்க" என்றாள் சின்னாயி. "அந்த வாசம் வந்தா கை தானாப் போகுது. மில்லுக்குப் போறதுக்கு முன்ன பச்சரிசி திம்பேன். அதுக்கும் முன்ன செவுத்து மண்ணு."

"எப்ப இருந்து?"

"தூரம் நிக்காம ஓட ஆரம்பிச்சுதுங்களே, அப்ப இருந்து."

டாக்டர் அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. நர்சை அவள் கூடவே அனுப்பி மூத்திரம் பிடித்துவரச் சொன்னார். நீல மருந்தில் சொட்டுவிட்டு விளக்கில் காட்டினார்.

சர்க்கரை இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், முற்றினால் செங்கல் நிறம். காளியப்பனுக்கு இது மனப்பாடம். மருந்து கொதித்தது. நீலம் நீலமாகவே நின்றது.

"தண்ணி கலந்துட்டாளாட்ட இருக்குதுங்க."

"நர்ஸ் பக்கத்துலயே நின்னுருக்குதுங்க. இத்தனை மாவு தின்னுபோட்டு வந்த சர்க்கரைக்காரிக்கு இது நீலமா நிக்காது. உங்க ஊட்டுக்காரம்மாவுக்குச் சர்க்கரை இல்ல. ரத்தந்தான் இல்ல."

"அப்ப மெட்ராஸ் காயிதம்?"

"ரத்தம் போகப் போக ஒடம்புல இரும்புச் சத்து தீர்ந்துபோச்சுங்க. இரும்பு இல்லாட்டி புது ரத்தம் ஊறாது, பழசே ஓடிக்கிட்டுக் கெடக்கும். நாள்பட்ட ரத்தத்துல சர்க்கரை சேர்ந்து ஒட்டியிருக்கும். காயிதம் அதைத்தான் காட்டுது. இந்த மாவு, மண்ணு ஆசையும் இரும்பு இல்லாததுனாலதான்."

சின்னாயி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. அவள் தாடையில் அவன் விரல் பதிந்த தடம் இன்னும் தெரிந்தது.

காளியப்பன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான். மாதக்கணக்கில் பழகிய பழக்கம், மெட்ராஸ் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"சரிங்கம்மா. ஏழுக்குக் கீழ எறங்கினதும் ஆப்பரேசனுக்குக் கூட்டிட்டு வாரனுங்க."

"ஆப்பரேசன் பண்ணி உதிரம் நின்னாத்தாங்க அது எறங்கும்."