மே மாசத்து ஹீட்டர்

மே மாசத்து மெட்ராஸில், கொளுத்துகிற கத்திரியில், காருக்குள் ஹீட்டர் ஓடினால் எப்படி இருக்கும்? மந்தைவெளிக்கு வந்து அனந்தராமனின் மாருதியில் ஏறிப் பார்த்தால் தெரியும்.

டெல்லியிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆபீசரிடம் வாங்கிய பழைய வண்டி. ஹீட்டர் லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றுதான். காலடியில் குபுகுபுவென்று அனல் அடிக்கும்.

இதில் அவர் மனைவி ஜானுவுக்குத்தான் பெரிய தலைகுனிவு. அந்த ஃப்ளாட்ஸில் யார் வீட்டு மிக்ஸி மக்கர் பண்ணினாலும், இஸ்திரிப் பெட்டி சூடாகாமல் போனாலும், ஸ்க்ரூ டிரைவரோடு போய் நிற்பவள் அவள்தான். ஜானு மாமி கை பட்டு ஓடாத சாமான் கிடையாது என்று பேர். அப்பேர்ப்பட்டவளைச் சொந்தக் காரைத் தொட விடமாட்டேன் என்கிறாரே மனுஷர்!

கேட்டால், அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் என்பார். மெக்கானிக்கிடமும் காட்டமாட்டார். கஞ்சத்தனம் பாதி, வீம்பு பாதி என்று ஜானு முடிவு கட்டிவிட்டாள். பெண்டாட்டி ரிப்பேர் பண்ணின வண்டியை ஓட்டினால் கிரீடம் இறங்கிவிடுமாக்கும்.

போன வாரம் எதிர் ஃப்ளாட் ஹம்சினியைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிப் போனதில்தான் வினை. புடவை தொப்பலாக நனைந்து இறங்கியவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"இது காரா, இட்லிப் பானையா மாமி? ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றேள், இது உங்க கைக்கு அடங்கலையா?"

ஜானுவுக்குச் சுருக்கென்றது.

"அடுத்த தடவை ஏறிப் பாரு. லீவரைத் தள்ளினா சொன்ன பேச்சைக் கேக்கும்."

சொல்லியாகிவிட்டது. இனி செய்து காட்டாவிட்டால் அந்த ஃப்ளாட்ஸில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அனந்தராமன் குறட்டை விட ஆரம்பித்ததும் சாவியோடு கீழே இறங்கினாள். முன்சீட்டில் ஏடாகூடமாகப் படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தாள். பெரிய ரோகம் ஒன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வரும் வெந்நீரைத் திறந்து மூட ஒரு கொக்கி. லீவரிலிருந்து வரும் கம்பி அதில் மாட்டியிருக்க வேண்டும். கழன்று தொங்கியது. கம்பியைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பைக் காணோம். துழாவினால், சிகரெட்டே பிடிக்காதவரின் ஆஷ்ட்ரேக்குள், காகிதத்தில் மடித்துப் பத்திரமாக இருந்தது.

கழட்டத் தெரிஞ்சவருக்கு மாட்டத் தெரியலை, அதைச் சொல்லவும் வெட்கம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். கம்பியை மாட்டி, கிளிப்பை அழுத்தி, வண்டியைக் கிளப்பிப் பார்த்தாள். லீவர் சமர்த்தாக வேலை செய்தது. அதை மறுபடி சூட்டுப் பக்கமே தள்ளி வைத்தாள். எல்லாரும் இருக்கும்போது காட்டினால்தானே ருசி.

மறுநாள் அதற்கு வாகாக அமைந்தது. அனந்தராமனோடு வேலை பார்த்த குலாம் முகம்மதுவுக்குச் சிறுநீரகம் பழுது. அடையாறு ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருபவரை வீட்டில் கொண்டுபோய் விடுவது அனந்தராமன்தான். பாய் மகா ரோஷக்காரர். தன்னால் அடுத்தவருக்குச் சிரமம் என்று தெரிந்தால் மறுநாளே பஸ் ஏறிவிடுவார். வழியில்தானே வண்டி போகிறது என்று பொய் சொல்லித்தான் ஏற்றிக்கொள்வது.

ஜானு ஹம்சினியையும் இழுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து பாய் வந்து முன்னால் உட்கார்ந்தார். வண்டி அடையாறு பாலத்தைத் தாண்டியதும் ஜானு எட்டி லீவரைத் தள்ளினாள்.

"இப்போ பாருங்கோ."

அனல் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே வெளிக்காற்று சுகமாக வீசியது. அட, ஜெயிச்சுட்டேளே மாமி என்றாள் ஹம்சினி. ஜானுவுக்குப் பெருமை தாங்கவில்லை. அனந்தராமன் மட்டும் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லா இருக்குதும்மா" என்றார் பாய்.

சொன்ன குரல் நடுங்கியது. ஜானு எட்டிப் பார்த்தாள். பாய் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் தந்தியடித்தன. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, தெருவே தகிக்கும் அந்த வெயிலில், குளிர் ஜுரக்காரர் மாதிரி குறுகி உட்கார்ந்திருந்தார்.

காகிதத்தில் மடித்த கிளிப் ஜானுவின் கண்ணுக்குள் வந்து நின்றது. ரத்தத்தைச் சுத்தம் பண்ணிய உடம்பு இப்படிக் குளிரும் என்றுதானா மனுஷர் அதைக் கழட்டி வைத்தார்? அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினேன் என்று தன்னையே வைதுகொண்டாள்.

"ஏன்னா, வண்டியை ஓரமா நிறுத்துங்கோ. அடியில ஏதோ கடகடங்கறது."

நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. ஜானு இறங்கி வந்து பாயைக் காலை நகர்த்திக்கொள்ளச் சொல்லி, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டாள். கிளிப்பை உருவினாள். கம்பியைக் கழற்றிவிட்டு, கொக்கியைத் திறப்புப் பக்கம் தள்ளினாள். கிளிப்பைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

வண்டி நகர்ந்தது. குபுகுபுவென்று அனல் வந்தது. பாயின் கைகள் மெல்ல அக்குளை விட்டு வெளியே வந்தன.

"உங்க வண்டிக்கு வியாதி தீராது போலிருக்கே அனந்து" என்று சிரித்தார்.

ஹம்சினி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "என்ன மாமி, இவ்வளவுதானா உங்க ரிப்பேர்?"

கண்ணாடியில் அனந்தராமனின் கண்கள் ஜானுவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆமாண்டி ஹம்சினி" என்றாள் ஜானு. "இது மட்டும் என் கைக்கு அடங்கலை."