நேற்றைய அறிக்கைக்கு ஒரு திருத்தம்

‘நேற்றைய எங்கள் அறிக்கையில் “கவலை தெரிவிக்கிறோம்” என்று இருப்பதை “வன்மையாகக் கண்டிக்கிறோம்” என்று திருத்தி வாசிக்கவும்.’

தட்டி முடித்த தமயந்தி இன்னொரு வரியும் சேர்த்தாள். முப்பத்தொரு குடும்பங்களின் பாதுகாப்பை எங்கள் அரசு நேரடியாகக் கவனித்து வருகிறது.

சேர்ப்பதுதான் சேர்க்கிறோம், இதில் என்ன கஞ்சத்தனம்?

அலிப்பூரில் உள்ள அந்த வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஒரு கண்டனம் வெளியே போகவேண்டுமானால், அது அவர்கள் தலைநகருக்குப் போய், நாலு மேஜை ஏறி இறங்கி, வெறும் கவலையாக இளைத்துத் திரும்ப மூன்று நாளாகும்.

திருத்தத்துக்கு மட்டும் யார் கையெழுத்தும் வேண்டாம். தட்டச்சுப் பிழைக்கு எவன் அனுமதி கேட்பான்?

அண்டை நாட்டின் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் இருந்த அந்த முப்பத்தொரு கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மூன்று நாள் கிடையாது. இன்று பகல் பன்னிரண்டுக்குள் பிரார்த்தனைக் கூடத்தைக் காலி செய்யாவிட்டால் ஆட்களோடு சேர்த்துக் கொளுத்துவோம் என்று ஒரு மதவெறிக் கும்பல் கெடு வைத்திருந்தது. போதகரின் மனைவி காலையிலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டாள். உள்ளூர் போலீஸ் கொட்டாவி விட்டதாம்.

ஒன்பதரைக்கு எல்லாப் பத்திரிகைகளுக்கும் திருத்தம் போனது. வேலை போனால் போகட்டும் என்று தமயந்தி சொல்லிக்கொண்டாள்.

பத்தேகாலுக்கு டிவியில் ஓடியது. பதினோரு மணிக்கு அந்த அண்டை நாட்டு அமைச்சகத்திலிருந்தே பதறியடித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். நேற்றைய அறிக்கையை அப்போதே படித்துவிட்டோம், நடவடிக்கையும் தொடங்கிவிட்டோம் என்றார்கள்.

பத்திரிகைப் பிரிவு ஸ்ரீநாத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். அக்கா என்பதற்கு வங்காளிகள் மாதிரி ‘தி’ போடுவான்.

“தமயந்தி-தி, நேத்து போன ஒரிஜினல் எங்கே? ஒவ்வொரு பேப்பர்காரனும் எங்கயோ வெச்சுட்டேன், இன்னொரு காப்பி அனுப்புங்கோங்கறான்!”

“நன்னாத் தேடுப்பா.”

பதினொன்றே முக்காலுக்குப் போதகரின் மனைவி மறுபடியும் அழைத்தாள். கூடத்து வாசலில் இரண்டு லாரி நிறையப் போலீஸ் வந்து இறங்கியிருக்கிறது. கும்பல் கலைந்துவிட்டது. சொல்லிவிட்டு அவள் அழுதாள். இந்தப் பக்கம் தமயந்தியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்து நிமிர்ந்தால், எதிரே துணைத் தூதர் நின்றார். முகமெல்லாம் பல். தலைநகரிலிருந்து பாராட்டு வந்திருக்கிறதாம். நேற்றைய அறிக்கையைத் தன் அறையில் உட்கார்ந்து, வரி வரியாகத் தானே சொல்லி எழுதவைத்ததாகப் போனில் அடித்துவிட்டிருந்தார்.

தமயந்தி பவ்யமாகத் தலையாட்டினாள்.

நேற்று சரஸ்வதி பூஜை. அலுவலகப் பூட்டையே யாரும் திறக்கவில்லை.