கேற்றடியில் மூன்று பேர்

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நின்றபடியே வந்த டொரதி, விறாந்தைக் கதிரையில் சாய்ந்து கிடக்கிறாள். மழை விட்ட வெயில் முற்றமெல்லாம் மினுங்குகிறது. மகள் அனற்றின் வகுப்புத் தோழிகள் மூவர், கண்டிக்குப் படம் பார்க்கப் போகும் புது உடுப்பில், வாசல் கேற்றடியில் நின்று அவளோடு சிரித்துப் பேசுகிறார்கள். எப்போதும் சொல்லும் 'வேணாம்' இன்று டொரதிக்கு வாயில் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு மகளின் அழுகையைக் கேட்க உடம்பில் தெம்பில்லை.

"நீயும் போயிட்டு வாம்மா. ஆறு மணிக்குள்ள வந்துட்டா சரி."

அனற் கையில் ஒரு பாடக் கொப்பியோடு படியேறி வருகிறாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"அவங்க இந்தக் கொப்பியக் குடுக்கத்தான் வந்தாங்க, மம்மி. நீங்க விடமாட்டீங்கன்னு இப்ப என்னைய யாரும் கூப்பிடுறதில்ல."

தோழிகளின் சிரிப்புச் சத்தம் தெருவோடு பாலத்துப் பக்கமாக இறங்கிப் போகிறது. அவர்களைக் கூப்பிட டொரதி எழுந்து கேற்றடிக்கு ஓடுகிறாள். வாய் திறந்தபடி நிற்கிறாள். ஒருத்தியின் பெயரும் அவளுக்குத் தெரியவில்லை.