கண் மருந்து பொங்கவில்லை

ஈஸ்ட் செத்துவிட்டது.

காலையில் சர்க்கரைத் தண்ணீரில் விட்டது. சாயங்காலம் வரை ஒரு குமிழி இல்லை. பக்கத்தில் இருபது லிட்டர் மால்ட் சாறு காய்ச்சி ஆறிக் கிடந்தது. இன்றைக்குள் நல்ல ஈஸ்ட் விழாவிட்டால் அத்தனையும் சாக்கடைக்குத்தான். ஈஸ்டைச் சோதித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும். மாரிச்சாமிக்கு அந்தப் பொறுமை ஏது?

மாரிச்சாமி வேலை பார்க்கும் கிடங்கின் மேலாளர், பர்மியர் ஊ ஸோ மின்ட், ஓய்வு பெறுகிறார். விருந்துக்கு பீர் என் கையால் காய்ச்சியது என்று மாரிச்சாமி எல்லார் முன்னாலும் மார்தட்டியாகிவிட்டது.

ஒரே ஒரு சீசா திரவ ஈஸ்ட். கப்பல் சமையல்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. குளிரில் இருக்க வேண்டும்; உறையக் கூடாது. பசுந்தாங் பேட்டையில் கரண்ட் இருக்கிற லட்சணத்துக்கு, மாரிச்சாமி வீட்டு ஃப்ரிட்ஜில் மனைவி காளியம்மா வெங்காயம் கொட்டி வைத்திருந்தாள்.

கீழே தஸ்தகீரின் ஃபலூதா கடை. அங்கே ஜெனரேட்டர் உண்டு. ஆனால் ஐந்து வேளை தொழுகிறவரிடம் பீர் ஈஸ்ட் என்று எப்படிச் சொல்வது? கண் மருந்து என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். பொய்க்குப் பொருத்தமாக, இரண்டு மாதமாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவது.

இன்றும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டார்.

"மருந்தாச்சே மாரி, கெட விடுவேனா?" என்றார் தஸ்தகீர். "போன வாரம் ஜெனரேட்டர் மக்கர் பண்ணுச்சு. ஓடுனதும் முதல் வேலையா உன் சீசாவை ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ளே தள்ளிட்டேன். கல்லு மாதிரி ஆயிடுச்சு. நேத்து நீ கேட்டதும் வெயில்ல வச்சு உருக்கித்தான் கொடுத்தேன். ஏன், எரியுதா?"

எரியத்தான் செய்தது. கண் அல்ல, வயிறு.

"இல்லே பாய். குளுகுளுன்னு இருக்கு."

உள்ளே பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த தஸ்தகீரின் மனைவி தலை நிமிரவில்லை.

மாடி ஏறி வந்தவரைப் பார்த்துக் காளியம்மா கேட்டாள்: "கண் மருந்து ஏன் பொங்கலைன்னு கேட்டீங்களா?"

மாரிச்சாமி சாற்றுப் பாத்திரத்தைத் தூக்கினார். கொட்டப் போகிற நேரத்தில், பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றில் மணி அடித்தது. பேப்பரும் ரொட்டியும் மேலே வருகிற கயிறு அது. இழுத்தார்.

பையில், ஈரத்துணி சுற்றிய ஒரு ஜாம் பாட்டில். உள்ளே நுரை. கூடவே ஒரு துண்டுக் காகிதம்:

"மாரிச்சாமி அண்ணனுக்கு, இருபது வருஷமாக பன் சுடுகிறவளுக்கு ஈஸ்ட் வாசனை தெரியாதா? இவர் பெட்டிக்குள் தள்ளிய கையோடு எடுத்து, இந்தப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். உங்கள் சீசாவில் உறைந்தது, இவர் கண்டுபிடிக்காதிருக்க நான் ஊற்றி வைத்த சோற்றுக் கஞ்சி. நான் திரும்ப மாற்றுவதற்குள் இவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். கெட விட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். அதை வைத்துச் செய்வதற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். மூடியை மெல்லத் திறக்கவும், பொங்கும்.

இவரிடம் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மாதமாக, ஒரு வேளைத் தொழுகை தவறாமல், உங்கள் கண்ணுக்காக துஆ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஃபக்ருன்னிசா."