எலிவளை வாய், பானை வயிறு

ஒரு சின்ன விமானத்தின் அடிப்பக்கத்தில் ரேடியேட்டரும் காற்றுக்குழாயும் ஒட்டிக் குடியிருந்தன. இன்ஜினின் சூட்டைச் சுமந்துவரும் வெந்நீர் ரேடியேட்டருக்குள் ஓடும். குழாய் வழியாக வரும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும்.

"உனக்கு வாய் எலிவளை, வயிறு பானை. நீ விலகினால் எனக்கு எவ்வளவு காற்று வரும் தெரியுமாடா?" என்று ரேடியேட்டர் கேலி செய்யும். குழாய்க்குக் கோபமே வராது.

ஒருநாள் மெக்கானிக்குக்கும் அப்படியே தோன்றியது. குழாயைக் கழற்றி மூலையில் வைத்தார்.

விமானம் எழும்பியதும் காற்று புயலாக வந்தது.

"கொஞ்சம் நில்லப்பா, சூடு தாங்கலை!" என்று ரேடியேட்டர் கத்தியது.

"நேரமில்லை!" என்று அதன் முகத்தில் அறைந்துவிட்டு ஓடியது காற்று.

தண்ணீர் கொதித்தது. அவசரமாக இறங்கிய விமானி, "இன்னொரு தடவை கொதித்தால் இந்த ரேடியேட்டரைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள்" என்றார்.

மெக்கானிக் குழாயைத் திரும்ப மாட்டினார். மறுநாள் அதே காற்று சின்ன வாய்க்குள் நுழைந்தது. ரேடியேட்டர் இருக்கும் அகன்ற வயிற்றுக்கு வந்ததும் அதன் வேகம் தணிந்தது.

"நேற்று வழியில் கத்தியது நீதானா?" என்று ரேடியேட்டரிடம் சாவகாசமாக விசாரித்தது. ஒவ்வொரு தகடாகத் தொட்டுச் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியே உற்சாகமாகப் பாய்ந்தது.

தண்ணீர் கொதிக்கவே இல்லை.

"அந்த முரடனை என்னண்ணே செய்தீங்க?" என்றது ரேடியேட்டர்.

"ஒன்றும் செய்யலை. ஓடி வந்தவனுக்கு உட்கார இடம் கொடுத்தேன்" என்றது குழாய்.