கண்ணாடி அறைக் காபி

ஆறாவது முறையாகக் கையில் டோக்கனோடு அந்த லேப்டாப் சர்வீஸ் சென்டரின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியாருக்கு வயிறு எரிந்தது.

காரணம், கண்ணாடி அறைக்குள் இருந்த வழுக்கைத் தலைக்காரர். அவருக்கு மெத்தை நாற்காலி. கையில் ஆவி பறக்கும் காபி. மேனேஜரே எதிரில் நின்று குழைந்துகொண்டிருந்தார்.

"எனக்கப்புறம் வந்தவரு அவரு. அவருக்கு மட்டும் என்னம்மா ராஜ உபசாரம்?" என்று கவுண்டர் பெண்ணிடம் சீறினார் வாத்தியார்.

"உங்க வேலை நடந்துட்டிருக்கு சார். உட்காருங்க." அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதையேதான் ஒன்றரை மாசமா சொல்றீங்க. என் பொண்ணு பிறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ பூரா அந்த லேப்டாப்புலதான் இருக்கு, வேற எங்கயும் இல்ல. நானும் மனுஷன்தானே? எனக்கும் அந்த மரியாதை வேணும்!"

அவள் அலுத்துக்கொண்டே அவருடைய ரசீது எண்ணைக் கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தவள் சட்டென்று எழுந்து நின்றாள். முகத்தில் அப்படியொரு பணிவு.

"சார், நீங்க ஏன் இங்க உட்காரணும்? உள்ள வாங்க. காபிக்குச் சர்க்கரை போடலாமா சார்?"

மேனேஜர் ஓடி வந்து கதவைத் திறந்து பிடித்தார். பெஞ்சில் இருந்தவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போன வாத்தியார் மெத்தையில் சாய்ந்தார். காபியும் வந்தது.

வழுக்கைத் தலைக்காரர் அவர் பக்கம் குனிந்து பரிதாபமாகக் கேட்டார்:

"உங்களோடதையும் தொலைச்சுட்டாங்களா?"